பழைய எண்ணெய் டின், ஆயில் கேன் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எண்ணெய் டின்னோ ஆயில் கேனோ கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்தக் காலத்தது, அசல்தானா, துருவை என்ன செய்வது, விலை தேறுமா. இந்தச் சேகரிப்பில் இருப்பவர்களும் புதிதாக இறங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எதையெல்லாம் இந்தச் சேகரிப்பில் சேர்க்கலாம்?

பெரிதாகப் பார்த்தால் இரண்டு வகை. எண்ணெய் அடைத்து விற்பனைக்கு வந்த டின்கள் ஒரு வகை: மோட்டார் ஆயில், கியர் ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய், தையல் மெஷின் ஆயில். இவற்றில் நாம் தேடுவது மேலே அச்சான படமும் எழுத்தும் நிறமும். இரண்டாவது வகை, எண்ணெய் விடுவதற்கான கருவிகள்: நீண்ட மூக்கு வைத்த ஆயில் கேன், பம்ப் கேன், ரயில் எஞ்சின் டிரைவர்கள் வைத்திருந்த பெரிய கேன். இவற்றில் படம் இருக்காது. செய்த விதத்தையும் அடியில் குத்திய முத்திரையையும்தான் பார்க்க வேண்டும்.

சைக்கிள் கடைகளிலும் தையல்காரர்களிடமும் இருந்த அடி அழுத்தும் ஆயில் கேனைப் பலர் மதிப்பதில்லை. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். அதன் அடித்தகடு லேசாக வெளியே புடைத்திருக்கும். கேனைச் சாய்த்து, மூக்கைச் செயினுக்கு நேராகப் பிடித்து, பெருவிரலால் அடியை அழுத்தினால் தகடு 'டொக்' என்று உள்ளே போகும்; மூக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். விரலை எடுத்தால் தகடு தானாக வெளியே வரும். ஸ்பிரிங், வால்வு, வாஷர் எதுவும் கிடையாது. அந்தத் தகட்டின் விறைப்பு மட்டுமே பம்ப். வாங்கும்போது முதலில் இதைத்தான் அழுத்திப் பார்க்க வேண்டும். தகடு தளர்ந்துபோன கேன் அலமாரியில் வைக்க ஆகும், வேலைக்கு ஆகாது.

நம் ஊரில் பழைய டின்கள் ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன?

காலி டின்னை இங்கே யாரும் தூக்கி எறியவில்லை. அதனால்தான் இன்று கிடைப்பதில்லை.

இதற்குப் பின்னால் உலக எண்ணெய் வியாபாரத்தையே திருப்பிப் போட்ட ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் தன் மண்ணெண்ணெயை நீல நிறத் தகர டின்களில் அடைத்து, மரப்பெட்டிக்கு இரண்டாகப் போட்டு ஆசியா முழுவதும் விற்றுக்கொண்டிருந்தது. லண்டன் வியாபாரி மார்க்கஸ் சாமுவேல் இதை உடைக்கத் திட்டமிட்டார். எண்ணெயை டின்னில் அடைக்காமல் கப்பலின் வயிற்றிலேயே நிரப்பிக் கொண்டுவந்தால் செலவு குறையும். 1892-ல் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் ரஷ்ய எண்ணெயோடு சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. மக்கள் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது கணக்கு. நடந்தது வேறு. எண்ணெய் மலிவாக இருந்தும் மக்கள் வாங்கத் தயங்கினார்கள்; அவர்களுக்கு அந்த நீல டின் வேண்டியிருந்தது. கூரை வேய, வாளி செய்ய, விளக்கு செய்ய, தானியம் போட்டு வைக்க அதுதான் தகரம். கடைசியில் சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலில் அனுப்பி, அந்தந்த ஊரிலேயே டின் செய்து சிவப்பு வண்ணம் அடித்து விற்க வேண்டியதாயிற்று. அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஷெல்.

இந்தியாவில் புழங்கியது நான்கு காலன் டின், சுமார் 18 லிட்டர். இதற்கான தகட்டை இங்கேயே செய்வதற்காக 1920-ல் ஜாம்ஷெட்பூர் அருகே கோல்முரியில் டின்பிளேட் கம்பெனி ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. பர்மா ஆயில் நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து போட்ட முதலீடு. அங்கிருந்து வந்த தகட்டில் செய்த டின்கள்தான் நம் வீடுகளில் மேல்மூடி வெட்டப்பட்டு, குறுக்கே ஒரு கட்டை அடிக்கப்பட்டுத் தண்ணீர் டின் ஆயின. அரிசி டின்னாயின, முறுக்கு டின்னாயின. ஓட்டை விழுந்த பிறகு வெட்டி விரிக்கப்பட்டுத் தட்டிக்குப் போயின. முறம், புனல், சிம்னி விளக்கு எல்லாம் அதில் செய்தார்கள். ஆகவே கம்பெனிப் பெயர் தெரியும்படி ஒரு முழு மண்ணெண்ணெய் டின் இங்கே கிடைத்தால், பல கைகளைத் தாண்டித் தப்பி வந்தது என்று அர்த்தம். அப்படிக் கிடைத்தால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வெட்டிச் செய்த புனலும் விளக்கும்கூடச் சேகரிக்க வேண்டியவைதான் என்பது என் உறுதியான கருத்து. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பழைய கம்பெனி எழுத்தின் பாதி தெரியும். அமெரிக்கச் சேகரிப்பாளர் இதைக் கழிவு என்று ஒதுக்கலாம். நம் பக்கத்து வாழ்க்கையின் உண்மையான சாட்சி அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர் எதில் தொடங்கலாம்?

உங்கள் வீட்டில் அல்லது தொழிலில் தொடர்புள்ள ஒன்றில். அப்பா லாரி ஓட்டியிருந்தால் டீசல் எஞ்சின் ஆயில் டின்; வீட்டில் தையல் மெஷின் இருந்தால் சின்ன ஆயில் டின்கள். எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினால் இடமும் போகும், பணமும் போகும், எதைப் பற்றியும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியாது.

எங்கே தேடுவது?

சென்னையில் புதுப்பேட்டை. வண்டி உதிரிபாகங்களுக்காகப் போகிற இடம். ஆனால் பழைய கடைகளின் பரணில் டின் கிடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும், அங்கே வியாபாரிகளுக்கு மதிப்பு தெரியும் என்பதால் விலை ஏறித்தான் இருக்கும். மும்பை சோர் பஜாரும் அப்படியே.

என் அனுபவத்தில் நல்ல பொருள் கிடைப்பது கடைகளில் அல்ல. மூடப்போகிற மெக்கானிக் ஷெட், ரைஸ் மில், பஞ்சாலை, தேயிலைத் தொழிற்சாலை, கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்த பழைய தோட்டம் ஆகிய இடங்களைக் கேட்டுப் பாருங்கள். காயலான் கடைக்காரரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, 'எழுத்து போட்ட டின் எது வந்தாலும் நசுக்கும் முன்னால் கூப்பிடுங்கண்ணே' என்று சொல்லி வையுங்கள். எடைக்கு வாங்கியதைவிட நாலு காசு கூடக் கொடுத்தால் அடுத்த முறையும் கூப்பிடுவார். இந்த உறவுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதுகெலும்பு.

ஒன்று மட்டும் கவனம். ஷெட் வைத்திருக்கும் பெரியவரிடம் 'இது குப்பைதானே' என்று சொல்லி வாங்காதீர்கள். அது என்ன, ஏன் வேண்டும் என்று சொல்லி, நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். அவர் அந்த டின்னைப் பற்றிச் சொல்லும் விவரம் டின்னைவிடப் பெரிய வரவு.

டின்னின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனிப் பெயரிலிருந்து தொடங்குங்கள். பர்மா-ஷெல் என்ற பெயரில் இந்தியாவில் விற்பனை நடந்தது 1928 முதல். 1976-ல் அரசுடைமையாகி, 1977-ல் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. ஸ்டான்வாக் என்றால் 1933-க்கும் 1962-க்கும் இடைப்பட்டது. அதன் பிறகு எஸ்ஸோ. அது 1974-ல் இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. கால்டெக்ஸ் 1978-ல் அதோடு இணைந்தது. இந்த நான்கு பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டால் இந்திய டின்களில் பலவற்றை ஒரு கால இடைவெளிக்குள் அடக்கிவிடலாம்.

அடுத்து அளவு. காலன், பைன்ட் என்று போட்டிருந்தால் பழையது. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-ல் வந்து, 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமாயிற்று. லிட்டர், காலன் இரண்டும் சேர்ந்து அச்சான டின் கிடைத்தால் அந்த மாறுதல் காலத்தது என்று கொள்ளலாம். அப்படிப்பட்டவை எனக்கு மிகவும் பிடித்தவை. காலனிலும் இரண்டு உண்டு: இங்கிலாந்து காலன் சுமார் 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் சுமார் 3.79 லிட்டர். ஆகவே தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தாலே டின் எந்தப் பக்கத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். துரு பிடித்த டின்னில் இதைச் செய்ய வேண்டாம்.

விலாசத்தைப் படியுங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. 'மெட்ராஸ்-1' என்பதுபோல ஒற்றை எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. 'நயா பைசா' என்று விலை இருந்தால் 1957-க்குப் பிறகு, 1960-களின் நடுப்பகுதிக்குள்.

மோட்டார் ஆயில் டின்களில் இன்னொரு துப்பு உண்டு, வெளிநாட்டு டின்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெயின் தரத்தைக் குறிக்க எழுத்துக் குறிகள் வைத்திருந்தது. 1947-ல் ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என்று பெயர்களாக இருந்தன. 1952 முதல் எம்.எல்., எம்.எம்., எம்.எஸ். என்ற குறிகள். 1970 வாக்கில் எஸ்.ஏ., எஸ்.பி. என்று தொடங்கும் வரிசை வந்தது. இன்றைய டின்களிலும் அதன் தொடர்ச்சிதான். ஆக 'எம்.எஸ்.' என்று போட்ட டின் 1952-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

சின்னங்களும் பேசும். ஷெல் சிப்பி 1904 முதல் பல வடிவம் எடுத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் எளிமையான வடிவம் 1971-ல் ரேமண்ட் லோவி வரைந்தது. மொபிலாயில் டின்னில் சிறகு முளைத்த விசித்திர மிருகம் இருந்தால் அது வாக்யூம் ஆயில் நிறுவனத்தின் கார்காயில் சின்னம். 1931-ல் அந்த நிறுவனம் சோகோனி என்ற எண்ணெய் நிறுவனத்தோடு இணைந்த பிறகு சிவப்புப் பறக்கும் குதிரை முன்னுக்கு வந்தது. கேஸ்ட்ரால் டின்னில் 'சி.சி. வேக்ஃபீல்டு அண்டு கோ' என்ற பெயர் இருந்தால் 1960-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் நிறுவனத்தின் பெயரே கேஸ்ட்ரால் என்று மாறியது.

இந்தத் துப்புகளில் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு துப்பாவது பொருந்த வேண்டும். பழைய அச்சுத் தகடு தீரும் வரை பழைய டிசைனிலேயே டின் வந்துகொண்டிருந்தது சகஜம்.

ரயில்வே ஆயில் கேன்களை எப்படி அடையாளம் காண்பது?

முத்திரையைப் பாருங்கள். கைப்பிடிக்கு அருகிலோ தோள்பட்டையிலோ எழுத்து குத்தியிருக்கும். எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே, எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே. இவை 1951 ஏப்ரல் 14 அன்று மைசூர் ரயில்வேயோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. எனவே இந்த எழுத்துள்ள கேன் அதற்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிரிட்டிஷ் கேன்களில் லீட்ஸ் நகரத்தின் பெயர் அடிக்கடி வரும். 1888-ல் அங்கே தொடங்கிய பிரெய்ம் நிறுவனம் எண்ணெய்க் கேன்களுக்குப் பேர் போனது. அதே ஊரின் ஜோசப் கே நிறுவனத்துக் கேன்களில் கைப்பிடி அருகே பெருவிரலால் அழுத்தும் பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். அழுத்தினால்தான் எண்ணெய் வரும். ஓடி வந்து நின்ற எஞ்சினில், இருட்டில், ஒரு கையில் விளக்கையும் மறு கையில் கேனையும் பிடித்தபடி ஒவ்வொரு மூட்டாக எண்ணெய் விட்டவர்களுக்கு அந்தக் குமிழ் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்பது கையில் பிடித்துப் பார்த்தால் புரியும்.

முத்திரை உள்ள ரயில்வே பொருளை யாராவது புதிதாக விற்க வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ரயில்வே முறைப்படி ஏலத்தில் விற்ற பொருளா என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்ன லென்ஸ் போதும். பழைய டின்களில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, முழுமையாக அச்சடிக்கப்பட்டது. சிவப்பு என்றால் லென்ஸில் பார்த்தாலும் ஒரே சிவப்பு. அலங்காரத்துக்காக இன்று செய்யப்படுவதில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பொடிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பிறகு பக்கவாட்டு மூட்டு: பழையதில் மடித்து ஈயப்பற்று வைத்திருப்பார்கள், சாம்பல் நிறக் கோடு தெரியும். வெல்டிங் செய்த மெல்லிய மூட்டு பிற்காலத்தது. துருவையும் பாருங்கள். உண்மையான துரு விளிம்பிலும் அடியிலும் மூட்டிலும் தொடங்கும். நடு வயிற்றில், படத்தைக் கெடுக்காமல் அழகாகத் துரு படர்ந்திருந்தால் ஆசிட் தடவியது.

விலை எப்படித் தீர்மானமாகிறது?

படம், நிலைமை, அரிது என்ற மூன்றும்தான். கார், விமானம், மிருகம், மனித முகம் அச்சான டின்னுக்கு வெறும் எழுத்து உள்ளதைவிட எப்போதும் விலை கூடுதல். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பத்துக்கு இத்தனை என்று நிலைமைக்கு மதிப்பெண் போடுவார்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலேயே விலை இரட்டிப்பாவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் போயிருந்தாலும் பரவாயில்லை, அலமாரியில் ஒரு பக்கம்தான் தெரியும். மூடி தொலைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதே மரையுள்ள பழைய மூடியைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள்.

துருவை என்ன செய்வது? சுத்தம் செய்யலாமா?

தகர டின் என்பது இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுதாக இருக்கும் வரை பாதுகாப்பு. ஓரிடத்தில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்துவிட்டால், வெள்ளீயம் அந்த இரும்பைக் காப்பதற்குப் பதில் வேகமாக அரிக்க வைக்கும். துத்தநாகம் பூசிய வாளியில் இப்படி ஆகாது, அங்கே துத்தநாகம்தான் முதலில் அரிபடும். ஆகவே அச்சுப் பக்கத்தை உப்புத்தாள் போட்டோ கம்பி நார் போட்டோ தேய்ப்பதைப்போலக் கேடு வேறில்லை. இருந்த பூச்சையும் எடுத்துவிட்டு, புதுத் துருவுக்கு வழி விடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது குறைவுதான். மெல்லிய பருத்தித் துணியை மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் அடிப்பக்க ஓரத்தில் தடவிப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் மெதுவாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் கூடாது. அரை நிமிடத்தில் எழுத்து கையோடு வந்துவிடும். வெறும் துரு உள்ள இடத்தில் தையல் மெஷின் ஆயிலை ஒரு சொட்டு தொட்டு வைத்து, ஒருநாள் கழித்துத் துடைத்தால் போதும். கடைசியாக, தேய்ப்புப் பொடி கலக்காத மெழுகு மெல்லிய பூச்சாக ஒரு முறை.

ரீ-பெயின்ட் அடிக்கலாமா? ஒடுக்கு எடுக்கலாமா?

வேண்டாம். ஒடுக்கு எடுக்கத் தட்டினால் அச்சு உதிரும். பெயின்ட் அடித்த டின் புது டின். அதற்குக் கடையில் அலங்கார டின்னே வாங்கிவிடலாம்.

பித்தளைக் கேனைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி நல்லது. ஆயில் கேனுக்கு வேண்டாம். பல ஆண்டு எண்ணெயும் கைச்சூடும் பட்டு ஏறிய பழுப்புதான் அதன் வயதுக்குச் சான்று. மேலும் தேய்க்கத் தேய்க்க முத்திரை எழுத்து மழுங்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

டின்னுக்குள் பழைய எண்ணெய் இருந்தால்?

திறக்காத டின் என்றால் அப்படியே வைத்திருக்கலாம், மதிப்பும் கூடும். ஆனால் தட்டின் மேல் வைத்து, கசிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். கசிவு தொடங்கிவிட்டால் வடித்துவிட வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பழைய ஆயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் இருந்த கேன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காலியாகப் பல ஆண்டு கிடந்தாலும் மூட்டுகளில் ஆவி தங்கியிருக்கும். அதில் பற்று வைப்பதோ, கிரைண்டர் போடுவதோ, வெட்டுவதோ உயிருக்கு ஆபத்து. காலி டாங்கில் வெல்டிங் வைக்கும்போது நடக்கும் வெடிவிபத்துகளுக்குக் காரணம் இந்த ஆவிதான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் முழுதாக நின்றது. அதற்கு முந்தைய கேன்களின் உள்ளே ஈயப் படிவு இருக்கலாம். கையுறை போடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள், சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சுத்தம் செய்து சமையலறையில் மளிகை போட்டு வைக்கலாமா?

கூடாது. மூட்டில் இருக்கும் பற்றிலும் பழைய வண்ணத்திலும் காரீயம் இருக்கலாம். பூச்செடி வைப்பதும் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் அடி போய்விடும்.

ஜெர்ரி கேன்களும் சேர்த்தியா?

நிச்சயமாக. எரிபொருள் எடுத்துப்போகும் இந்தக் கேன் 1937 வாக்கில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவானது, 20 லிட்டர். மூன்று கைப்பிடி எதற்கு என்று பலர் கேட்பார்கள். நிறைந்த கேனை இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியில் தூக்கலாம், காலி கேன்களை ஒருவரே ஒரு கைக்கு இரண்டாக எடுத்துப் போகலாம். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய மெல்லிய நான்கு காலன் டின்கள் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போயின. அதனால் எதிரியின் கேன் கிடைத்தால் விடமாட்டார்கள், பிறகு அதையே நகலெடுத்தார்கள். ஆண்டு பக்கவாட்டில் அல்லது அடியில் குத்தியிருக்கும். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் போருக்குப் பிந்தையவை.

எங்கே, எப்படி வைப்பது?

வெயில் படாத அலமாரி. சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். கடற்கரை ஊர்களில் கண்ணாடிக் கதவும் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் அவசியம். தரையில் வைக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மூடியை இறுக்கி மூடாமல் லேசாக வையுங்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறட்டும்.

பட்டியல் எழுதி வைக்க வேண்டுமா?

இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள், இதுதான் முக்கியம். எந்த ஊர், எந்தத் தொழிலில் பயன்பட்டது, கொடுத்தவர் என்ன சொன்னார், என்றைக்கு வாங்கியது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, எண் கொடுத்து, அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதி நூலால் கைப்பிடியில் கட்டுங்கள். டின்னில் ஒட்டாதீர்கள், பசை அச்சைப் பிடித்து இழுத்துவிடும். ஒரே மாதிரி இரண்டு கால்டெக்ஸ் டின் இருக்கும். ஒன்று எந்த ரைஸ் மில்லிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு வரலாறு இருக்கிறது, தெரியாவிட்டால் அது நிறம் போன தகரம்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கலாமா, அனுப்பலாமா?

1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் மண்ணெண்ணெய் டின்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன் தொல்லியல் துறையைக் கேளுங்கள். அதைவிடப் புதியவற்றை அனுப்பலாம். உள்ளே எண்ணெய் அல்லது பெட்ரோல் வாடை துளியும் இருக்கக்கூடாது, விமானத் தபாலில் ஏற்கமாட்டார்கள். கழுவி, உலர்த்தி, மூடியைத் தனியாகச் சுற்றி, டின்னுக்குள்ளும் காகிதம் அடைத்து, இரட்டைப் பெட்டியில் அனுப்புங்கள்.